திரையின் ஒளியும் ஓட்டமும்

புதிதாக வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டியில் பழகிய திரைப்படமொன்றைப் பார்ப்போர் பலர் ஒரு குறை கூறுவதுண்டு. படம் முன்னையிலும் துலக்கமாக இருக்கின்றது, மயிரிழையுந் தெரிகின்றது, ஆயினும் அது சினிமாவாகத் தோன்றவில்லை, யாரோ வீட்டு முற்றத்தில் நாடகமாடுவது போலத் தோன்றுகின்றது என்பதே அக்குறை. வேறு சிலர் இதனின் வேறான குறையொன்றைக் கூறுவர். இரவுக் காட்சி வந்தவுடன் திரை இருண்டுவிடுகின்றது. பேசுபவர் யாரெனத் தெரியவில்லை. விலை கூடிய பெட்டி ஏன் இவ்வாறு காட்டுகின்றது என்பர். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மின்பொருட் கடை வைத்திருக்கும் ஒருவர் இவ்விரு முறைப்பாடுகளையுங் கேளாதிருத்தல் அரிது. முன்னது படத்தின் ஓட்டத்தைப் பற்றியது. பின்னது அதன் ஒளியைப் பற்றியது. இவ்விரண்டையும் பெருக்குதற்குத் தொழில்நுட்பவியலார் கண்ட முறைகளையே விற்பனையாளர் எச்.எப்.ஆர்., எச்.டி.ஆர். என்னும் எழுத்துக்களாற் குறிக்கின்றனர். தமிழில் முன்னதை உயர் சட்டக வேகம் என்றும் பின்னதை உயர் ஒளிவீச்சு என்றும் வழங்கலாம். இவை தனித்தனியே பேசப்படினும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. அவ்வுறவு விளங்காதவிடத்து மேற்கூறிய இரு குறைகளும் விளங்கா.

ஓட்டத்தை முதலில் நோக்குவாம். காலத்தை நுணுகி அளந்த தமிழிலக்கண நூலார், கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாகக் கொண்டனர் என்பது தொல்காப்பியங் கற்றார் அறிந்ததே. கண் ஒருமுறை இமைத்தற்குச் செக்கனிற் பத்திலொரு பங்கு முதல் பத்தில் நான்கு பங்கு வரை செல்லும். அச்சிறு பொழுதினுள் இன்றைய சினிமா ஏறத்தாழ இரண்டு முதற் பத்து வரையான படங்களைத் திரையில் மாற்றிவிடுகின்றது. அசையாத படங்கள் அடுத்தடுத்து வர, அவற்றை அசைவாகக் காண்பது எங்ஙனம்? விழித்திரையில் ஒரு பிம்பம் மறையுமுன் அடுத்தது வந்து விழுவதே காரணம் என்று பழைய பாடநூல்கள் விடை கூறின. இன்றும் சில வகுப்பறைகளில் அவ்விடையே எழுதப்படுகின்றது. அது பாதி உண்மையே. திரையின் மினுக்கம் கண்ணுக்குத் தெரியாது போதல் ஒன்று. இடம் மாறிய இரு படங்களை மூளை ஓர் அசைவாக இணைத்துக் கொள்ளுதல் மற்றொன்று. பின்னதனை ஜேர்மானிய உளவியலறிஞர் மாக்ஸ் வெர்தைமர் 1912 இல் ஆராய்ந்து வெளியிட்டார். மினுக்கம் நீங்குதற்கு வேண்டிய வேகம் பெரிது. அசைவு தோன்றுதற்கு வேண்டிய வேகம் அதனினுஞ் சிறிது. இவ்வேறுபாட்டை வைத்தே சினிமாத் தொழில் தன் செலவைச் சுருக்கிக் கொண்டது.

எடிசன் செக்கனுக்கு 46 சட்டகம் வேண்டுமெனக் கருதினார். 1895 டிசம்பர் 28 ஆந் திகதி பாரிசிற் கட்டணம் பெற்றுப் படங்காட்டிய லூமியர் சகோதரர்க்கோ ஏறத்தாழ 16 போதுமாயிருந்தது. 1905 இல் திருச்சிராப்பள்ளியிற் புகையிரதப் பகுதி ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ற், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படங்காட்டுங் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொண்டு சென்றபோது, படத்தின் வேகம் கைப்பிடியைச் சுழற்றுவோனின் கையில் இருந்தது. கை சோர்ந்தால் நடப்போர் தவழ்வர்; கை விரைந்தால் பிணஊர்வலமும் ஓட்டப் பந்தயமாகும். மினுக்கத்தைப் போக்க ஒரே சட்டகத்தைச் சுழலும் மறைப்புத் தகட்டினால் மும்முறை வெட்டிக் காட்டினர். பதினாறு மூன்றால் நாற்பத்தெட்டு ஆகும். எடிசன் வேண்டிய எண்ணிக்கைக்கு மேலேயே கண்ணுக்குக் கிடைத்துவிட்டது; படச்சுருளுக்கான செலவோ மூன்றிலொன்றாயிற்று.

பேசும்படம் வந்தபோது இவ்வுபாயம் தனித்து நிற்க முடியவில்லை. ஒலியைப் படத்தோடு சேர்த்தவர்க்கு வேகம் மாறாதிருத்தல் வேண்டும். மிகக் குறைந்தால் ஒலியின் தரம் கெடும். 1926 ஆம் ஆண்டளவில் அமெரிக்க நிறுவனத்தார் நிமிடத்துக்கு 90 அடி என்ற வேகத்தைக் கைக்கொண்டனர். அடிக்குப் 16 சட்டகமாதலின் அது செக்கனுக்கு 24 ஆயிற்று. ஒவ்வொரு சட்டகமும் இருமுறை ஒளிரும், மீண்டும் நாற்பத்தெட்டு. 1931 இல் தமிழின் முதற் பேசும்படமாகிய காளிதாஸ் வெளிவந்தது முதல் தமிழ்ப்படங்களும் இவ்வேகத்திலேயே ஓடின. மூன்று மணி நேரப் படமொன்றுக்கு 16,200 அடிச் சுருள் வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் சுருட்தட்டுப்பாட்டினால் இந்தியாவில் கதைப்படம் 11,000 அடிக்கு மேற்படலாகாதென விதிக்கப்பட்டபோது, படம் இரண்டு மணித்தியாலமும் சில நிமிடங்களுமாகக் குறுகியது. வேகத்தை இரட்டித்திருப்பின் அதே சுருளில் ஒருமணி நேரப் படமே அமைந்திருக்கும். ஆகவே இருபத்துநான்கு என்னும் எண் இயற்கை விதித்ததன்று, கணக்கப்பிள்ளை விதித்தது. பின்வந்த அழகியல் வாதங்கள் யாவும் அவ்வெண்ணைப் பழகிய பின்னர் எழுந்தவை.

பழக்கத்தின் வலிமையை இலங்கைப் பார்வையாளர் வேறொரு வழியாலும் அறிவர். இந்நாட்டு மின்னோட்டத்தின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ். 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கிய ரூபவாகினி பின்பற்றிய முறையிற் செக்கனுக்கு 25 சட்டகம். ஒவ்வொன்றும் இரு பாதிகளாகப் பிரிந்து 50 முறை திரையில் விழும். 24 வேகத்தில் எடுத்த திரைப்படத்தை 25 வேகத்தில் ஓட்டிவிடுதலே எளிய வழி. அவ்வாறு ஓட்டும்போது 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். பாட்டின் சுருதியும் ஒரு சுரத்தானத்திற் பத்தில் ஏழு பங்களவு ஏறிவிடும். வானொலியிற் கேட்ட பாடலைத் தொலைக்காட்சியிற் கேட்டபோது, பாடகர் குரல் சற்று இளமையாயிருப்பதை உணர்ந்தோர் சிலரே. ஆனால் வேறொரு வேறுபாட்டை யாவரும் உணர்ந்தனர். வீடியோக் கமெராவினால் எடுத்த தொலைநாடகங்களிலும் செய்திகளிலும் செக்கனுக்கு 50 வெவ்வேறு அசைவுப் பதிவுகள் இருந்தன. திரைப்படத்திலோ அவற்றிற் பாதி. எனவே வழுவழுவென ஓடும் அசைவு நாடகத்துக்கும் செய்திக்கும் உரியது, சற்றே தத்தி ஓடும் அசைவு சினிமாவுக்கு உரியது என்று ஒரு தலைமுறையின் கண் தானாகவே பிரித்துக் கற்றுக்கொண்டது. வன்னியில் மின்வலுவில்லாத காலத்திலும் இப்பாடம் நின்றுவிடவில்லை. வாடகைக்குப் பெற்ற தொலைக்காட்சியும் ‘டெக்’கும் மண்ணெண்ணெயில் ஓடிய மின்பிறப்பாக்கியுமாகப் படம் பார்த்தோர், மின்னழுத்தம் தளரத் திரையின் ஓரங்கள் சுருங்குவதைக் கண்டனர், சுருங்கிய படத்திலும் எது சினிமா எது செய்தி என்பதை ஒரு கணத்திற் சொல்லியிருப்பர்.

இந்தப் பழக்கத்தோடு மோதியவர்களின் வரலாறு நீண்டது. 1955 இல் ஒக்லகோமா என்னும் அமெரிக்கப்படம் 30 சட்டக வேகத்திலும் எடுக்கப்பட்டது. டக்ளஸ் ட்ரம்புல் என்பார் அகன்ற படச்சுருளில் 60 சட்டகமாக எடுத்துக் காட்டும் ஷோஸ்கான் முறையை வகுத்தார். அது கண்காட்சிகளில் வியப்பையூட்டியது, திரையரங்குகளில் வேரூன்றவில்லை. சுருட்செலவு ஒழிந்து கணினிமுறை வந்தபின் 2012 இல் பீற்றர் ஜாக்சன் ‘த ஹொபிற்’ தொடரின் முதற்பாகத்தை 48 சட்டகத்தில் வெளியிட்டார். ஆங் லீ 2016 இல் ஒரு போர்வீரன் கதையையும் 2019 இல் ‘ஜெமினி மான்’ என்னும் படத்தையும் 120 சட்டகத்தில் எடுத்தார். விமர்சகர் பலர் சொன்னது கிளிநொச்சி வீட்டார் சொல்வதே: அரண்மனை அரண்மனையாகத் தோன்றவில்லை, அரண்மனை போலச் செய்த பலகையாகத் தோன்றுகின்றது, நடிகர் நடிப்பது தெரிகின்றது. ஜேம்ஸ் கமரூன் 2022 இல் வெளியிட்ட அவதார் இரண்டாம் பாகத்தில் நீர்க்காட்சிகள் போன்ற சிலவற்றுக்கு மாத்திரம் 48 ஐக் கொண்டு, உரையாடற் காட்சிகளிற் சட்டகங்களை இரட்டித்து 24 இன் தோற்றத்தையே வைத்துக்கொண்டார். வெற்றி பெற்ற முறை இச்சமரசமே.

விரைந்த படம் ஏன் கதையை மெலிவிக்கின்றது என்பதற்குப் பழக்கம் மட்டுமே விடையன்று. 24 வேகத்தில் ஒவ்வொரு சட்டகமும் வழக்கமாகச் செக்கனில் 48 இல் ஒரு பங்கு நேரம் ஒளியை ஏற்கும். அந்நேரத்தில் அசையுங் கை சற்றே கலங்கிப் பதியும். அக்கலக்கமும் சட்டகங்களுக்கிடையேயுள்ள இடைவெளியும் பார்வையாளன் மனத்துக்குச் சிறிது வேலை வைக்கின்றன. வேகம் கூடியவழி கலக்கம் குறையும், இடைவெளியுங் குறையும். ஜாக்சன் இதனையுணர்ந்தே 48 வேகத்திலும் ஒளியேற்கும் நேரத்தை 64 இல் ஒரு பங்காக நீட்டிக் கலக்கத்தைச் சிறிது மீட்க முயன்றார். கதைக்கு ஊறாகும் இத்தெளிவே விளையாட்டுக்கு உயிர். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் எறியப்படும் கிரிக்கெற் பந்து செக்கனுக்கு ஏறத்தாழ 39 மீற்றர் செல்லும். 25 சட்டகப் பதிவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்குமிடையே அது ஒன்றரை மீற்றருக்கு மேல் தாவிவிடும். 50 இல் அத்தாவல் பாதியாகும். பந்து எங்கே திரும்பியது என்று வழக்காடுவோர்க்கு அப்பாதி பெரிது. ஒரே பெட்டியில் ஒரே வேகம் இரண்டுக்கும் ஏற்றதென எண்ணுவதே பிழை.

இனி ஒளிக்கு வருவாம். திரையின் துலக்கத்தை நிட் என்னும் அலகால் அளப்பர். சதுர மீற்றர்ப் பரப்புக்கு ஒரு கண்டெலா என்பது ஒரு நிட். நண்பகலில் இரணைமடுக் குளக்கட்டில் விரித்த வெள்ளை வேட்டி ஏறத்தாழ 25,000 நிட் துலங்கும். திரையரங்கில் மிக வெண்மையான இடத்துக்கு உலகெங்கும் வகுத்த அளவு 48 நிட். பழைய தொலைக்காட்சிக்குரிய அளவு 100 நிட். வெயிலின் வெண்மையை ஐந்நூறிலொன்றாகச் சுருக்கித்தான் சினிமா காட்டி வந்தது. அங்ஙனம் சுருக்கியும் பகற்காட்சி பகலாகவே தோன்றியதென்றால் அது கண்ணின் பெருந்தன்மை. இருண்ட அரங்கில் கண் இருளுக்கு இசைந்து, 48 நிட்டையே வெயிலாகக் கொள்ளும்.

கண்ணின் பெருந்தன்மை தீருமிடம் ஒன்றுண்டு. அது தீபமும் முகமும் ஒருங்கே நிற்குமிடம். நந்திக்கடலோரத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் இரவை எடுத்துக்கொள்க. கடல்நீரில் விளக்கெரிக்கும் மரபுடைய அக்கோயிலின் வீதியிற் கற்பூரச் சுவாலைகள் எரியும். சுவாலையின் துலக்கம் பத்தாயிரம் நிட் அளவினது. அதன் பின்னே சற்று விலகிக் கைகூப்பி நிற்கும் கிழவியின் முகம் ஒரு நிட்டையும் எட்டாது. அங்கு நிற்பவர் கண் இரண்டையுங் காணும். பழைய முறைக் கமெராவும் திரையும் அவற்றுள் ஒன்றையே தேரும். சுவாலையின் நிறத்தைக் காக்கின் முகம் கரியிற் புதையும். முகத்தைக் காக்கின் சுவாலை வெறும் வெள்ளைத் துளையாகும். இத்தேர்வில் தோற்றது பெரும்பாலும் கரிய முகமே.

அது தற்செயலன்று. தொடக்ககாலக் கறுப்பு வெள்ளைச் சுருள் செந்நிறத்துக்கு உணர்ச்சியற்றது. தோலின் செம்மையைக் கருமையாக்கிவிடும். நடிகர் மாவெனப் பூசிக் கொண்டது அதனால். 1950களின் தொடக்கத்து வண்ணச்சுருள் இருபத்தைந்து என்னுஞ் சிறு உணர்திறனையே உடையது. இன்றைய கைத்தொலைபேசி இருளில் ஆயிரத்துக்கு மேல் இயல்பாகச் செல்லும். அத்தகைய சுருளில் முழுநீள வண்ணத் தமிழ்ப்படம் எடுக்க வேண்டின் நிலையத்துள் வெயிலையே உருவாக்கும் விளக்குகள் வேண்டும். அவ்விளக்குகளின் கீழ் அரிதாரமும் வேண்டும். 1956 இல் வெளிவந்த அலிபாபாவும் 40 திருடர்களும் முதலாகப் பல வண்ணப்படங்களின் பளபளப்பு இங்ஙனம் பிறந்தது. நிறங்களைச் சரிபார்க்கக் கொடக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையிலும் நெடுங்காலம் வெள்ளைத் தோற் பெண்ணின் படமே இருந்தது. அளவுகோலே வெள்ளையாயிருக்கக் கரிய முகம் குறையாகத் தோன்றியதில் வியப்பென்ன?

இந்நிலையை மாற்றியவருள் முதன்மையானவர் ஈழத்து மண்ணிற் பிறந்தவர் என்பது மகிழ்தற்குரியது. மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்த பாலு மகேந்திரா, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று, மலையாளத்தில் ‘நெல்லு’ வாயிலாக அறிமுகமானவர். 1977 இல் கன்னடப் படமான கோகிலாவுக்கும் பின்னர் மூன்றாம் பிறைக்கும் ஒளிப்பதிவுக்கான இந்தியத் தேசிய விருது பெற்றவர். சாளரத்தின் வழி வரும் ஒளியே முகத்தில் விழட்டும், அரிதாரம் வேண்டாம் என்பது அவர் முறை. சோபாவும் அர்ச்சனாவும் அவர் படங்களிற் கரிய நிறத்தை மறைக்காது நின்றனர். பி. சி. ஸ்ரீராம் நாயகன் படத்தில் முகத்தின் ஒரு பாதியை இருளில் விட்டு மறுபாதியைப் பேசவைத்து 1987 ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்றார். இவர்கள் செய்தது குறுகிய வீச்சினுள் நின்று செய்த நுட்பம். படத்தின் நெகட்டிவிற் பதிந்த ஒளிவேறுபாடு பெரிது. அதிலிருந்து அரங்குக்கு எடுத்த பிரதியிற் குறைந்தது. தொலைக்காட்சியில் இன்னுங் குறைந்தது. திருட்டு வீடியோ நாடாவில் இருட்பாதி முழுவதும் ஒரே கருந்திட்டாயிற்று. வன்னியில் நாயகனைப் பார்த்தோர் பலர் பார்த்தது அக்கருந்திட்டையே.

உயர் ஒளிவீச்சு இந்நெருக்கத்தை இரு முனையிலும் தளர்த்துகின்றது. பழைய முறை ஒளியை 256 படிகளாகப் பகுத்தது. மாலைவானம் படத்திற் பட்டை பட்டையாகத் தெரிவது படிகள் போதாமையால். புதியமுறை 1,024 படிகளாகவும் அதற்கு மேலும் பகுக்கும். அப்படிகளை வெளிச்சத்திற் பரவலாகவும் இருளில் நெருக்கமாகவும் அடுக்குகின்றது. ஏனெனிற் கண் இருளிற் சிறு வேறுபாட்டையும் உணரும். 2014 இல் வகுத்த நியமமொன்று பத்தாயிரம் நிட் வரை இடமளித்தது. கற்பூரச் சுவாலைக்கு அது ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்த சட்டை. பிரித்தானிய பி.பி.சி. யும் ஜப்பானிய என்.எச்.கே. யும் சேர்ந்து ஒளிபரப்புக்குரிய வேறொரு முறையை அமைத்தன. 2016 இல் இரண்டும் சர்வதேச நியமத்தில் ஒருங்கே இடம்பெற்றன. நடைமுறையிற் படங்கள் பெரும்பாலும் 1,000 அல்லது 4,000 நிட் அளவுக்கே சீர்செய்யப்படுகின்றன. முழுத்திரையும் அவ்வாறு துலங்குவதென எண்ணலாகாது. நாட்டுக்கூத்தில் தீப்பந்த ஒளியில் முடியின் கண்ணாடித் துண்டுகள் மட்டும் பளிச்சிடுவது போல, நீரின் மினுக்கமும் தீபத்தின் நுனியும் கண்ணின் ஒளியுமே அவ்வுச்சத்தைத் தொடும்.

இனி இரண்டையும் இணைக்கும் முடிச்சைக் காணலாம். மினுக்கம் மறைவதற்கு வேண்டிய வேகம் எப்போதும் ஒன்றன்று. 1892 இல் பெரியும் 1902 இல் போட்டரும் ஆராய்ந்து கண்டதாவது: துலக்கம் பத்துமடங்கு கூடுந்தோறும் மினுக்கத்தை உணரும் எல்லை செக்கனுக்கு ஏறத்தாழப் பத்து வீதம் உயரும். மங்கிய திரையில் அமைதியாக ஓடிய படம் துலங்கிய திரையில் அமைதியிழக்கும். 24 சட்டகத்தின் தத்தலும் அவ்வாறே. 48 நிட் அரங்கிற் பொறுக்கத்தக்கதாயிருந்தது, 1,000 நிட் பெட்டியிற் கண்ணை உறுத்தும். கமெரா மெல்லப் பக்கவாட்டில் திரும்பும்போது தென்னைமரங்கள் துள்ளித் துள்ளி வருவதைக் காண்க. இதனோடு மற்றொரு சிக்கலுமுண்டு. கைத்தொலைபேசியும் பல பெட்டிகளும் செக்கனுக்கு 60 முறை திரையைப் புதுப்பிப்பவை. 24 அதனுட் சரியாக அடங்காது. ஒரு சட்டகம் இருமுறையும் அடுத்தது மும்முறையும் காட்டப்பட, ஓட்டம் நொண்டுகின்றது. 120 முறை புதுப்பிக்குந் திரையில் ஒவ்வொன்றும் ஐந்து முறை சமமாக நிற்கும்.

உற்பத்தியாளர் இதற்குக் கண்ட மருந்தே முதலிற் கூறிய குறைக்குக் காரணம். இரு சட்டகங்களை ஒப்பிட்டு, இடையில் இருந்திருக்கக்கூடியதைக் கணித்து, இல்லாத சட்டகங்களைப் பெட்டி தானே வரைந்து செருகுகின்றது. அசைவு வழுவழுப்பாகின்றது, உடனே கண் தொலைநாடகத்தை நினைக்கின்றது. கணிப்புப் பிழைக்குமிடத்து விரைந்து வீசுங் கையைச் சுற்றி நீர்த்திரை போன்ற நெளிவு தோன்றும். ஒளிப்பதிவாளர் எடுக்காத படங்களை அவர் பெயரிற் காட்டுதல் நேர்மையன்று. நடிகர் ரொம் குறூஸ் 2018 டிசம்பரில் இதனை நிறுத்திவிடுமாறு பார்வையாளரை வேண்டினார். அடுத்த ஆண்டு உற்பத்தியாளரும் தயாரிப்பாளரும் கூடி, இச்செருகல்களை ஒரே அழுத்தில் நீக்கும் ‘பிலிம்மேக்கர் மோட்’ என்னும் அமைப்பை அறிவித்தனர். அவ்வமைப்பு இல்லாத பெட்டியிலும் அசைவுச் சீர்மை என்பதைத் தேடி அணைத்துவிடலாம். சிறிதுந் தத்தலாகாதென்போர் முற்றாக அணையாது மிகக் குறைந்த அளவில் வைப்பதுந் தகும். கிரிக்கெற் பார்ப்போர் அதனைத் தீண்ட வேண்டியதில்லை.

இருளைப் பற்றிய மற்றைய குறைக்கு வேறு காரணம். எச்.டி.ஆர். என்று பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருப்பது, அவ்வகைச் சமிக்ஞையை அது ஏற்கும் என்பதற்கே சான்று. அவ்வொளியைத் தரும் என்பதற்கன்று. மலிவான பெட்டிகள் 300 நிட்டளவில் நின்றுவிடும். ஆயிரத்துக்கு வகுத்த படத்தை முந்நூறுக்குள் அடக்கும்போது சில பெட்டிகள் முழுப்படத்தையுந் தாழ்த்திவிடுகின்றன. மேலும் இப்படங்கள் மங்கலான அறையிற் பார்ப்பதற்கே சீர்செய்யப்பட்டவை. வன்னியின் வீடுகளோ காற்றுக்காகத் திறந்தவை. பிற்பகல் வெயில் விறாந்தையூடாக மண்டபத்துட் பாயும். அங்கே ஒரு நிட்டுத் துலக்கமுள்ள இரவுக்காட்சி கண்ணாடியிற் பட்ட வெயிலில் கரைந்துபோதல் இயல்பே. இரவில் விளக்கைத் தாழ்த்திப் பார்த்தால் அதே பெட்டி அதே காட்சியை வேறுவிதமாகக் காட்டும். பகலிற் பார்க்க வேண்டின் அதே படத்தின் பழைய ஒளிமுறைப் பிரதியே மேல். பெயர் பெரிதென்பதற்காகப் பயன் சிறிதாவதை ஏற்க வேண்டியதில்லை.

பார்ப்பவர்க்குக் கூறியதோடு எடுப்பவர்க்கும் ஒரு செய்தி உண்டு. ஏனெனிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இன்று குறும்படம் எடுக்கும் இளைஞரும், பாடசாலை விழாக்களைப் பதியும் மாணவரும் பலர். கைத்தொலைபேசிகள் 30, 60 என்னும் வேகங்களை இயல்பாகக் கொண்டு வருவன. அவை 60 ஹேர்ட்ஸ் மின்னோட்டமுள்ள நாடுகளின் எண்கள். இங்கே குழல்விளக்கும் பல மலிவான எல்.ஈ.டி. விளக்குகளும் செக்கனுக்கு 100 முறை மினுங்குகின்றன. சட்டகம் ஒளியேற்கும் நேரம் அம்மினுக்கத்தோடு பொருந்தாவிடிற் படத்தில் கரும்பட்டைகள் ஊர்ந்து செல்லும். 25 சட்டகமும் 50 இல் ஒரு பங்கு நேரமும், அல்லது 50 சட்டகமும் 100 இல் ஒரு பங்கு நேரமும் வைத்தால் பட்டைகள் மறையும். சிறு மின்பிறப்பாக்கியில் எரியும் விளக்கின் கீழ் இதுவும் உறுதியன்று. பொறியின் வேகம் தளர மீடிறனுந் தளரும். அங்கே மின்கலத்தில் எரியும் நல்ல விளக்கு வேண்டும். கோயிற் கற்பூரச் சுவாலைக்கு இத்தொல்லையே இல்லை.

உயர் ஒளிவீச்சு முறையினால் பழைய படங்களும் புதுவாழ்வு பெறலாம். நெகட்டிவிற் பதிந்து அரங்கப் பிரதிக்கு வராது நின்ற இருள்நுணுக்கங்களைக் கணினியால் மீட்டெடுத்தல் இயலும். ஆனால் நெகட்டிவ் இருத்தல் வேண்டும். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா படப்பிடிப்பு நிலையம் எரிக்கப்பட்டபோது இலங்கைப் படங்கள் பலவற்றின் மூலச் சுருள்களும் எரிந்தன. பாலு மகேந்திராவின் வீடு, சந்தியா ராகம் ஆகிய படங்களின் நெகட்டிவ்கள் தீயின்றியே அழிந்தன, பேணுவாரில்லாமையே காரணம். 2014 இல் மறையும் வரை அவர் திரைப்பட ஆவணக்காப்பகம் வேண்டுமென வற்புறுத்தி வந்தார். வீடு படத்தில் அர்ச்சனாவின் முகத்தில் விழுந்த சாளர ஒளியை இனி எஞ்சியுள்ள பிரதிகளின் அளவுக்கே காணலாகும்.

2009 இல் இடப்பெயர்வின்போது நிழற்பட அல்பங்களைப் பங்கருக்குள்ளும் பாதையோரத்தும் விட்டுவந்த குடும்பங்கள் வன்னியில் ஏராளம். அக்குடும்பத்துப் பிள்ளைகள் இன்று பாட்டியின் முகத்தைக் கைத்தொலைபேசியில் உயர் ஒளிவீச்சுடன் பதிகின்றனர். செய்திச் செயலி வழியே அதனை வெளிநாட்டு உறவினர்க்கு அனுப்பும்போது கோப்புச் சுருங்குகின்றது. மேலொளியும் இருள்நுணுக்கமும் கழிந்து பழைய வீச்சுப் பிரதியாவதும் உண்டு. பின்னர் தொலைபேசியில் இடமில்லையென மூலத்தை அழித்து, அனுப்பிய பிரதியையே வைத்துக்கொள்வாருமுளர். அழிக்க வேண்டியது பிரதியை. மூலக்கோப்பை வேறொரு வன்தட்டில் மாற்றிவைப்பதற்குச் சில நிமிடங்களே செல்லும்.